தனக்கென்று கேட்ட நீதி
ழான் நோயெல் தெஸ்த்ரேயானின் வாழ்க்கை

தனக்கு ஒருவன் செய்யும் அநியாயத்தை மனிதன் நொடியில் கண்டுகொள்ளுகிறான். தான் பிறருக்குச் செய்யும் அநியாயத்தைக் கண்டுகொள்ள அவனுக்கு வெகு காலம் பிடிக்கிறது. சிலர் அதைக் காணாமலேயே கண்ணை மூடிவிடுகிறார்கள். இவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. குடும்பத்துக்கு நல்லவர்கள், ஊருக்கு உழைத்தவர்கள், கோவிலுக்குத் தவறாதவர்கள் என்று பெயர் எடுத்தவர்களும் அவர்களிலே உண்டு. அப்படிப்பட்ட ஒருவருடைய சரித்திரத்தை இந்த வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும் அந்த ஆசனத்தில் ஒரு நாளும் அமராதவர் அவர். பெயர் ழான் நோயெல் தெஸ்த்ரேயான்.

கிரியோல் குடும்பம்

வட அமெரிக்காவின் தென் பாகத்தில், மிசிசிப்பி என்னும் மாநதி கடலில் கலக்கும் இடத்தை அடுத்து இருக்கிறது லூயிசியானா. பிரான்சு தேசத்தார் அங்கே குடியேறி, 1718-ம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்தை அமைத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் வேறு. அவர்களுக்கு அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகள் வேறு. இந்தப் பிள்ளைகளையே கிரியோல்கள் என்று அழைத்தார்கள். பிரெஞ்சு மொழி, கத்தோலிக்க வேதம், பெரிய குடும்பம், விருந்தோம்பல் ஆகியவற்றைத் தங்கள் அடையாளமாக அவர்கள் காத்து வந்தார்கள்.

தெஸ்த்ரேயான் 1754-ம் ஆண்டில் இத்தகைய கிரியோல் குடும்பமொன்றில் பிறந்தார். அவருடைய தகப்பனார் அந்தக் குடியேற்றத்தில் பிரெஞ்சு அரசரின் பொக்கிஷ அதிகாரி. செல்வத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லை. அக்காலத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகளைப்போல் ழான் நோயெலும் பிரான்சுக்குச் சென்று கல்வி கற்றுத் திரும்பினார்.

அதற்குள் ஊரின் நிலைமை மாறிவிட்டது. 1762-ம் ஆண்டு இரகசிய உடன்படிக்கை ஒன்றின் மூலம் பிரெஞ்சு அரசர் லூயிசியானாவை ஸ்பெயின் அரசருக்குக் கொடுத்துவிட்டார். குடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1768-ல் அவர்கள் புதிய ஸ்பானிய கவர்னரைத் துரத்தினார்கள். மறு வருஷம் ஸ்பானியப் படை வந்து இறங்கி, கிளர்ச்சித் தலைவர்களில் ஐவரைச் சுட்டுக் கொன்றது. நம்மைக் கேளாமலே நம்மை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிவிடுகிறார்கள் என்ற மனக்குறை கிரியோல்களின் நெஞ்சில் அன்றே விழுந்துவிட்டது. தெஸ்த்ரேயான் அந்தக் குறையோடு வளர்ந்தவர்.

நதிக்கரை வீடு

நியூ ஆர்லியன்சிலிருந்து நதியோரமாகச் சுமார் 25 மைல் மேலே போனால் ஜெர்மானியர் கரை என்ற பகுதி வரும். 1720-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜெர்மானிய உழவர்கள் குடியேறியதால் வந்த பெயர் அது. ரொபேன் தெ லொஞி என்னும் கனவானுக்கு அங்கே பெரிய பண்ணை இருந்தது. அவருடைய மகள் செலெஸ்த் அம்மையாரை 1786-ல் தெஸ்த்ரேயான் விவாகம் செய்துகொண்டார். இவர்களுக்குப் பதினான்கு பிள்ளைகள்.

மாமனார் 1787-ல் ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். அதைக் கட்டிய தச்சர் சார்ல் பக்கே, கறுப்பரும் வெள்ளையரும் கலந்த வம்சத்தவர்; அடிமையல்ல, சுதந்திர மனிதர். அவருக்கும் மாமனாருக்கும் எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. வீடு முடிந்ததும் தச்சருக்குக் கிடைக்க வேண்டிய கூலி அதில் கண்டிருக்கிறது: ஒரு பசுவும் கன்றும், சோளம், நெல், 100 வெள்ளிப் பணம், அவற்றோடு ஓர் அடிமை. கன்றுக்குட்டியும் மனிதனும் ஒரே பட்டியலில்! எழுதினவருக்கும் அது உறுத்தவில்லை, கையொப்பமிட்டவருக்கும் உறுத்தவில்லை. அன்றைய உலகம் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வீடு 1790-ல் முடிந்தது. 1792-ல் மாமனார் இறக்கவே, மாளிகையும் பண்ணையும் தெஸ்த்ரேயான் வசமாயின. பிள்ளைகள் பெருகப் பெருக, பின்னாளில் அவர் மாளிகையின் இரு பக்கமும் சிறகுபோல் கட்டடங்கள் சேர்த்தார்.

சர்க்கரை

அந்நாளில் நதிக்கரைப் பண்ணைகளுக்கு வருமானம் கொடுத்தது அவுரிச் செடி. அதிலிருந்து நீலச் சாயம் எடுத்தார்கள். 1790-க்குப் பிறகு பூச்சி விழுந்து அவுரி அழிந்தது. கரும்பு வளர்ந்தது, ஆனால் லூயிசியானாவில் பனி சீக்கிரம் விழும். கரும்பு முற்றுமுன் வெட்ட வேண்டியிருந்ததால் சாறு பாகாகவே நின்றது. சர்க்கரையாகக் குருணை கட்டவில்லை.

தெஸ்த்ரேயானின் தமக்கை கணவர் எத்தியேன் தெ போரே துணிந்து தம் சொத்தையெல்லாம் கரும்பில் போட்டார். கரீபியத் தீவாகிய சேன் தொமேங்கிலிருந்து, அதாவது இன்றைய ஹைட்டியிலிருந்து, வந்த அந்துவான் மொரேன் என்ற சர்க்கரை வல்லுநரை வைத்துக்கொண்டு, 1795-ல் சாற்றைக் குருணை கட்டவைத்தார். அந்த முயற்சியில் உடன் நின்றவர் மைத்துனர் தெஸ்த்ரேயான். சேன் தொமேங்கில் 1791-ல் அடிமைகள் எழும்பிப் பண்ணைகளைக் கொளுத்தியிருந்தபடியால் உலகச் சந்தையில் சர்க்கரை விலை ஏறியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நதிக்கரையெங்கும் கரும்புத் தோட்டமாயிற்று. 1804-ம் ஆண்டில் தெஸ்த்ரேயான் பண்ணையில் 59 அடிமைகள் உழைத்து 2,03,000 இராத்தல் சர்க்கரை எடுத்தார்கள்.

இந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள உழைப்பை வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பனி விழுமுன் வெட்டி முடிக்க வேண்டும். வெட்டிய கரும்பு புளிக்குமுன் ஆட்டி முடிக்க வேண்டும். ஆகையால் இலையுதிர்காலம் தொடங்கி வாரக்கணக்காக ஆலை இரவும் பகலும் ஓடும். கொதிக்கும் கொப்பரைகள் வரிசையாக இருக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சாற்றை அகப்பையால் முகந்து ஊற்ற வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கை தவறினால் உடல் வெந்துபோகும். அந்த 59 பேருக்கும் இதற்குக் கூலி கிடையாது. வேண்டாமென்று வேறிடம் போகவும் முடியாது. அவர்கள் பெற்ற பிள்ளைகளும் எஜமானின் சொத்து.

வாஷிங்டன் பிரயாணம்

1803-ல் லூயிசியானா மறுபடியும் கை மாறிற்று. ஸ்பெயினிடமிருந்து அதைத் திரும்பப் பெற்ற நெப்போலியன், அதனை ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார். நவம்பர் 30-ந் தேதி நியூ ஆர்லியன்சில் ஸ்பானியக் கொடி இறங்கிப் பிரெஞ்சுக் கொடி ஏறியது. டிசம்பர் 20-ந் தேதி அதுவும் இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியது. நடுவே இருந்த இருபது நாள் பிரெஞ்சு ஆட்சியில், போரே நகரத் தலைவராகவும், தெஸ்த்ரேயான் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் நியமிக்கப்பட்டார்கள்.

புதிய கவர்னராக வந்த கிளெய்போர்னுக்கு வயது 28. பிரெஞ்சு மொழி தெரியாது. 1804-ல் அமெரிக்கக் காங்கிரஸ் செய்த சட்டத்தின்படி, குடிகள் தேர்ந்தெடுக்கும் சபை ஒன்றும் கிடையாது. ஜனாதிபதி நியமிக்கும் ஆலோசனைச் சபை மட்டுமே உண்டு. லூயிசியானாவை இரண்டாகப் பிரித்தும் விட்டார்கள். கிரியோல்கள் கொதித்தெழுந்தார்கள். நீண்ட விண்ணப்பம் ஒன்று தயாராகி, ஏராளமானோர் கையொப்பமிட்டார்கள். அதைத் தலைநகருக்குக் கொண்டுபோக மூவரைத் தேர்ந்தெடுத்தார்கள்: தெஸ்த்ரேயான், சோவே, தெர்பிஞி. நதியையும் கடலையும் காட்டுச் சாலைகளையும் கடந்து மூவரும் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்கள் சொன்ன வாதம் பலமானது. அமெரிக்கர்கள் தங்களைக் கேளாமல் வரி போட்டதற்காகவே இங்கிலாந்து அரசரோடு போராடி விடுதலை அடைந்தவர்கள். அவர்களே இப்போது லூயிசியானா ஜனங்களைக் கேளாமல் ஆளலாமா? சட்டசபையும் பிரதிநிதிகளும் எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? இதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. 1805 மார்ச்சு மாதத்தில் காங்கிரஸ் சட்டத்தை மாற்றிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை கிடைத்தது; சுதந்திரக் குடிகளின் தொகை 60,000 ஆனதும் தனி மாநிலமாகலாம் என்ற வாக்குறுதியும் கிடைத்தது.

ஆனால் அதே விண்ணப்பத்தில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1804-ம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. அந்தத் தடையால் பண்ணைகள் அழிந்துவிடும், அதை நீக்க வேண்டும் என்று மூவரும் மன்றாடினார்கள். எங்களைக் கேளாமல் ஆளாதீர்கள் என்று ஒரு கையால் எழுதி, ஆபிரிக்காவிலிருந்து மனிதரைப் பிடித்து வந்து விற்க விடுங்கள் என்று மறு கையால் எழுதினார்கள். இரண்டு கோரிக்கையும் ஒரே காகிதத்தில் இருந்தன. அவற்றின் முரண்பாடு அவர்களுக்குத் தென்படவேயில்லை. 1805-க்குப் பிறகு அமெரிக்காவின் மற்ற பகுதிகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவர வழி பிறந்தது. நியூ ஆர்லியன்ஸ் சந்தை மறுபடியும் நிரம்பியது.

ஒரே கோவில்

தெஸ்த்ரேயான் பண்ணைக்கு அருகில் அர்ச். சார்லஸ் பொரோமேயு பங்குக் கோவில் இருந்தது. 1806-ல் கட்டிச் சிவப்பு வர்ணம் பூசியதால் படகுக்காரர்கள் அதைச் சிவப்புக் கோவில் என்று அழைத்து, நதியிலே தங்களுக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்.

பிரெஞ்சு அரசர் 1724-ல் லூயிசியானாவுக்கென்று பிறப்பித்த சட்டம், அடிமைகளுக்கு வேதம் போதித்து ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் அவர்களிடம் வேலை வாங்கக்கூடாது என்று கட்டளையிட்டிருந்தது. ஆகவே எஜமானும் அடிமையும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒரே பரம பிதாவை நோக்கி ஜெபித்தவர்கள். அதே சட்டம், ஓடிப்போகிற அடிமையின் காதை அறுக்கவும் உத்தரவளித்தது. அந்தத் தேசத்தில் குருக்களும் துறவற மடங்களும்கூட அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பூர்வ குடிகளை அடிமைகளாக்கக் கூடாதென்று 3-ம் சின்னப்பர் என்ற பாப்பானவர் 1537-லேயே எழுதியிருந்தார். அந்தச் சத்தம் கரும்புக் காட்டை எட்டவில்லை. எட்டியிருந்தாலும், கேட்கும் காது அங்கே குறைவு.

1811 ஜனவரி

பிரதேச ஆலோசனைச் சபையில் தெஸ்த்ரேயான் அங்கத்தினராகவும் தலைவராகவும் இருந்து பெயர் பெற்றார். வயது 56. வீடு நிறைந்த பிள்ளைகள். அவ்வேளையில்தான் அவருடைய வாழ்க்கையின் மிகக் கடுமையான வாரம் வந்தது.

1811 ஜனவரி 8-ந் தேதி இரவு, நதியின் மேல்பக்கத்திலுள்ள அந்திரி என்பவரின் பண்ணையில் அடிமைகள் எழும்பினார்கள். அவர்களுக்குத் தலைவன் சார்ல் தெலோந்த், தானும் ஓர் அடிமை. மற்ற அடிமைகளுக்குக் கங்காணி. கரும்பு வெட்டும் கத்தியும் கோடரியும் கொஞ்சம் துப்பாக்கியும் ஏந்தி, முரசு அடித்துக்கொண்டு, நதியோரச் சாலை வழியே நியூ ஆர்லியன்சை நோக்கி நடந்தார்கள். பண்ணைக்குப் பண்ணை கூட்டம் பெருகி நூற்றுக்கணக்கில் ஆயிற்று. தெஸ்த்ரேயானின் அடிமைகளிலும் சிலர் சேர்ந்தார்கள். அமெரிக்க சரித்திரத்தில் இதுவே மிகப் பெரிய அடிமைக் கிளர்ச்சி. வெள்ளையர் இருவர் கொல்லப்பட்டனர்.

ஜனவரி 10-ந் தேதி பண்ணைச் சொந்தக்காரர்களின் படை அவர்களைச் சூழ்ந்து முறியடித்தது. அநேகர் அவ்விடத்திலேயே மாண்டார்கள். தெலோந்தை விசாரணையின்றியே கொன்றார்கள். பிடிபட்டவர்களை விசாரிக்க, ஜனவரி 13-ந் தேதி ஒரு நீதிமன்றம் கூடிற்று. கூடிய இடம் தெஸ்த்ரேயானின் மாளிகை. நீதிபதிகளாக அமர்ந்தவர்கள், பங்கு நீதிபதியோடு ஐந்து பண்ணைச் சொந்தக்காரர்கள். ஐவரில் ஒருவர் தெஸ்த்ரேயான்.

வாதியும் அவர்களே, சாட்சியும் அவர்களே, நீதிபதியும் அவர்களே. மேல் முறையீடு கிடையாது. மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது: 18 பேருக்கு மரணம். ஒவ்வொருவனையும் அவனவன் எஜமானுடைய பண்ணைக்குக் கொண்டுபோய்ச் சுடவும், தலையைக் கொய்து கம்பத்தில் நாட்டவும் உத்தரவாயிற்று. அப்படியே செய்தார்கள். சண்டையிலும் தண்டனையிலும் மாண்ட அடிமைகள் சுமார் 95 பேர். நதிக்கரைச் சாலையில் மைல்கணக்காகக் கம்பங்கள் நின்றன. கொல்லப்பட்ட அடிமை ஒருவனுக்கு 300 டாலர் வீதம் எஜமானுக்கு நஷ்டஈடு கொடுக்கவும் சட்டசபை தீர்மானித்தது. மாண்டவனின் மனைவி மக்களுக்கு ஒன்றுமில்லை.

தங்களைக் கேளாமல் ஆளுகிறார்கள் என்று முறையிடுவதற்காக ஆறு ஆண்டுகளுக்கு முன் வாஷிங்டன் வரை போனவர் இவர். தன் வீட்டு முற்றத்தில் அதே முறையீட்டோடு வந்து நின்றவர்களை அவரால் அடையாளம் காண முடியவில்லை. அவர்கள் கையில் விண்ணப்பம் இல்லை. எழுதப் படிக்க அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. விண்ணப்பம் கொண்டுபோக ஒரு வாஷிங்டனும் அவர்களுக்கு இல்லை.

இருபத்தெட்டு நாள்

1812 ஏப்ரல் 30-ந் தேதி லூயிசியானா அமெரிக்காவின் பதினெட்டாவது மாநிலமாயிற்று. அவ்வருஷம் நடந்த கவர்னர் தேர்தலில் தெஸ்த்ரேயானும் நின்றார். வெற்றி பெற்றவர் கிளெய்போர்ன். ஆயினும் செப்டம்பர் 3-ந் தேதி புதிய மாநிலத்தின் சட்டசபை அவரை ஐக்கிய நாடுகளின் செனட் சபைக்குத் தேர்ந்தெடுத்தது. கிரியோல் ஒருவருக்கு இதைவிட மேலான கௌரவம் அன்று இல்லை. தெஸ்த்ரேயானோ, பதவிப் பிரமாணம் செய்யுமுன்பே, அக்டோபர் 1-ந் தேதி அதைத் துறந்துவிட்டார். இருபத்தெட்டு நாள் மட்டுமே செனட்டர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அதன்பின் 1817 வரை மாநிலத்தின் மேல்சபையில் இருந்தார். 1820-ல் மறுபடியும் கவர்னர் பதவிக்கு நின்று தோற்றார். 1823-ல், 69-ம் வயதை ஒட்டி, காலமானார். சிவப்புக் கோவிலின் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

வீடு சொன்ன பதில்

மனிதர் போனாலும் வீடு நின்றது. தெஸ்த்ரேயானின் மகள் ஸெலியாவை 1816-ல் மணந்தவர் ஸ்டீபன் ஹெண்டர்சன், ஸ்காத்லாந்திலிருந்து ஏழையாக வந்து பெரும் செல்வரானவர். மாமனார், மாமியாருக்குப் பிறகு பண்ணை அவர் கைக்கு வந்தது. மனைவி 1830-ல் இளம் வயதிலேயே இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. 1838-ல் ஹெண்டர்சன் இறந்தபோது அவருடைய உயில் ஊரையே திகைக்கவைத்தது. தன் அடிமைகளுக்கு விடுதலை கொடுத்து, விரும்புகிறவர்களை ஆபிரிக்காவிலுள்ள லைபீரியாவுக்கு அனுப்ப வழி செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். மாமனார் உட்கார்ந்து மரண தண்டனை விதித்த அதே வீட்டின் மருமகன் மனதில் அந்த எண்ணம் பிறந்தது! ஆனால் உறவினர் வழக்குத் தொடுத்தார்கள்; அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். மறு வருஷம், 1839 டிசம்பரில், 16-ம் கிரகோரியார் என்ற பாப்பானவர் கறுப்பர்களை விற்கும் வியாபாரத்தை வெளிப்படையாகக் கண்டித்து நிருபம் வெளியிட்டார். அப்போதும் அந்தக் கரும்புக் காடு மாறவில்லை.

மாறியது யுத்தத்துக்குப் பிறகு. வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் பண்ணையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்போது அதன் சொந்தக்காரர், தெஸ்த்ரேயானின் இன்னொரு மருமகனாகிய நீதிபதி ரோஸ்த். தென்னாட்டாரின் தூதராகப் போயிருந்தார். 1865-ம் ஆண்டில், விடுதலை பெற்ற அடிமைக் குடும்பங்களுக்கு அந்தப் பண்ணையே தங்குமிடமாயிற்று. அங்கே அவர்கள் கூலி பெற்று உழைத்தார்கள். நோயாளிகளுக்கு மருத்துவம் கிடைத்தது. பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த ஏற்பாடு அது. ரோஸ்த் மன்னிப்புப் பெற்றுத் திரும்பியதும் பண்ணை அவர் வசமாயிற்று. ஆனால் அந்த மண்ணில் அடிமை என்று ஒருவரும் அதன்பின் இல்லை.

இன்று அந்த மாளிகை பொதுமக்கள் பார்க்கும் நினைவகமாக இருக்கிறது. ஊருக்கும் தெஸ்த்ரேயான் என்றே பெயர். செனட்டரின் குடும்பச் சரித்திரத்தோடு 1811-ல் மாண்டவர்களின் சரித்திரத்தையும் அங்கே சொல்லுகிறார்கள்.

தெஸ்த்ரேயான் கேட்ட நீதி நியாயமானது. அவர் அதைத் தைரியமாகக் கேட்டார், கேட்டுப் பெற்றார். அவருடைய குற்றம், அந்த நீதியின் எல்லையைத் தன் வீட்டு வாசலோடு நிறுத்திக்கொண்டது. நமக்குக் கரும்புப் பண்ணை இல்லாமல் இருக்கலாம். ஆனால் நமக்குக் கீழே உழைக்கிறவர்கள், நம் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர்கள், நம் சொல்லுக்கு மறுசொல் சொல்ல முடியாதவர்கள் யாராவது உண்டா என்று இன்றிரவு ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துப் பார்க்கலாம். உண்டென்றால், நமக்கு வேண்டுமென்று நாம் கேட்கிற நீதியை முதலில் அவர்களுக்குக் கொடுத்துப் பார்ப்போம்.